ஊதா மூடி மலையிறங்குகிறது

சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், தலையில் ஊதா மூடி. கல்வராயன் மலையில் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பார்ப்பதானாலும், கீழே சின்னசேலத்தில் காய்ச்சல்காரருக்குத் தட்டணு எண்ணுவதானாலும் ரத்தம் இதில்தான் விழுகிறது. சர்க்கரைக்காரரின் மூன்று மாதச் சராசரிக்கும் இதேதான். லேப்காரர்கள் வாயில் இது இ.டி.டி.ஏ. டியூப். டி.எம்.எல்.டி. படித்த யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் "சி.பி.சி.க்கு பர்ப்பிள் கேப்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாடப் புத்தகத்தில் அது ஒரு வரிதான். ஆனால் அந்த வரியை எழுதியவர்கள், ரத்தம் எடுக்கும் அறைக்கு அடுத்த அறையில் லேப் இருப்பதாக நினைத்து எழுதினார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைப்பாதை இருக்கிறது.

டியூபின் உட்சுவரில் தெளித்து உலர்த்தியிருக்கும் உப்பு மருத்துவத்துக்காகப் பிறந்ததல்ல. 1935இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கியபோது அவருடைய கவலை சாயப்பட்டறையைப் பற்றியது. தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து கூடினால் துணியில் சாயம் சீராக ஏறாது; திருப்பூர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட அப்போது சிட்ரிக் அமிலம் பயன்பட்டது. ஜெர்மனி அதை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் எத்திலீன்டைஅமீன் டெட்ராஅசிட்டிக் அமிலம். ரத்தம் உறைவதற்கும் கால்சியம் வேண்டும் என்பதால், 1950களில் இந்தச் சாயப்பட்டறைச் சரக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குள் வந்துசேர்ந்தது. 1993இல் ரத்தவியல் தரப்படுத்தலுக்கான சர்வதேசக் குழு, அணு எண்ணிக்கைக்கு இதன் இரட்டைப் பொட்டாசியம் உப்பையே பரிந்துரைத்தது. அளவு, ஒரு மில்லி ரத்தத்துக்கு 1.5 முதல் 2.2 மில்லிகிராம்.

அதற்கு முன்னால் நம் ஆஸ்பத்திரிகளில் காலி பென்சிலின் பாட்டில்தான் டியூப். கழுவிக் காயவைத்து, அம்மோனியம் ஆக்சலேட் மூன்று பங்கும் பொட்டாசியம் ஆக்சலேட் இரண்டு பங்கும் கலந்த கரைசலைச் சொட்டுவிட்டு, மிதமான சூட்டில் உலர்த்தி வைப்பார்கள். முன்னது சிவப்பணுவை உப்பவைக்கும், பின்னது சுருங்கவைக்கும்; மூன்றுக்கு இரண்டில் கலந்தால் அணு அணுவாகவே இருக்கும். அந்தக் காலத்து லேப்காரருக்குத் தன் பாட்டிலில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது, ஏனென்றால் அதைச் செய்ததே அவர்தான். இப்போது டியூப் தயாராக வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மூடியின் நிறத்தோடு மறந்துவிடுகிறோம்.

வெற்றிடத்தால் தானே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் டியூபுக்கு அமெரிக்காவில் ஜோசஃப் கிளைனர் 1949இல் காப்புரிமை பெற்றார். ஊசி நரம்புக்குள் போனதும் தேவையான அளவு மட்டும் உள்ளே வரும், கோடு வரை நிறையும், நிற்கும். நம் பக்கத்தில் பல இடங்களில் இன்றும் சிரிஞ்சில் எடுத்து, மூடியைத் திறந்து ஊற்றுவதுதான் வழக்கம். விலை ஒரு காரணம், பழக்கம் இன்னொரு காரணம். அதில் குற்றமில்லை. ஆனால் ஊசியைக் கழற்றாமல் பிஸ்டனை அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். உடைந்த ரத்தம் பிளாஸ்மாவைச் சிவப்பாக்குவதோடு நிற்காது. அணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. அது வெளியே கொட்டும். சிறுநீரகம் நன்றாயிருக்கும் ஆளுக்கு டயாலிசிஸ் பேச்சு எழுவது இப்படித்தான்.

மலைக்குப் போவோம். கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து கோமுகி அணைப் பக்கம் கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து சின்னசேலமோ கள்ளக்குறிச்சியோ சமவெளிப் பாதை. மேலே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைநேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கான நாள். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் தூரத்து ஊர்களிலிருந்து நடந்தும் வண்டி பிடித்தும் வந்திருக்கிறார்கள். நர்ஸ் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுகிறார். "கையை மடக்கி மடக்கி விரிம்மா" என்கிறார். நரம்பு தெரிகிறது. ஆனால் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் நீர் வெளியேறி ரத்தம் கெட்டிப்படும், ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். கையை மடக்கி விரிப்பதால் பொட்டாசியமும் ஏறும். சோகை பிடித்த பெண்ணுக்கு அந்தக் 'கொஞ்சம்' நல்லதல்ல. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராமுக்குக் கீழ் என்றால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு, 10.8 இருப்பவர் 11.2 ஆகிவிட்டால் சோகைப் பட்டியலிலிருந்து அவர் பெயர் விட்டுப்போகும்.

ஒரே சிரிஞ்சிலிருந்து பல டியூப் நிரப்பும்போது ஒரு வரிசை உண்டு: கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். இது பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, வேலைக்கு வந்ததும் மறக்கிற சங்கதி. காரணம் தெரிந்தால் மறக்காது. ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் உப்பு, வேலை கால்சியத்தைப் பிடிப்பது. அதில் அளவு கூடிவிட்டதென்று மிச்சத்தைச் சிவப்பு டியூபில் ஊற்றினால், பொட்டாசியம் 12, கால்சியம் 3 என்று ரிப்போர்ட் வரும். அந்த ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரர் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். உயிரோடு இருப்பவருக்கு வராத எண்கள் அவை. பொட்டாசியம் எகிறி, கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சேர்ந்து விழுந்திருந்தால், மெஷினைத் திட்டுமுன் ஊதா மூடியைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தம் விழுந்ததும் டியூபை எட்டுப் பத்துத் தடவை தலைகீழாகப் புரட்டவேண்டும். குலுக்கக்கூடாது. புரட்டாமல் ஸ்டாண்டில் வைத்தால் உப்பு ஒருபக்கம், ரத்தம் ஒருபக்கம் என்று நின்று, நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு கட்டி விழும். கோடு வரை நிரப்பாவிட்டால் உப்பு மிகுந்து அணுக்கள் சுருங்கும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இறங்கும். பெயர் எழுதுவதும் இங்கேதான், நோயாளியின் எதிரில்தான். காலையிலேயே இருபது டியூபில் பெயர் எழுதி அடுக்கிவைப்பது வேகமான வழிபோலத் தெரியும். மலை ஊர்களில் ஒரே பெயர் இரண்டு மூன்று பேருக்கு இருப்பது சாதாரணம். கணவர் பெயர், வயது, கர்ப்பப் பதிவு எண் இவற்றில் ஒன்றாவது கூட இல்லாவிட்டால், ஒருத்தியின் ரத்த வகை இன்னொருத்தியின் அட்டையில் ஏறும். மற்ற பிழையெல்லாம் எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தும். இது ஆளையே மாற்றிவிடும். லேப் தவறுகளைப் பற்றி இத்தாலியில் பிளெபானியும் கர்ராரோவும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பான்மைப் பிழைகள் சாம்பிள் மெஷினைத் தொடுமுன்பே நடந்தவை. ஆனால் பயிற்சி என்றால் நாம் மெஷினைச் சுற்றித்தான் நாற்காலி போடுகிறோம்.

மலையிறங்கும் குளிர்ப்பெட்டியில் ஊதாவுக்குப் பக்கத்தில் சாம்பல் மூடி பயணம் செய்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று வகுத்த முறை எளிமையானது: சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ரத்தம், 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. விரதமாக வரச் சொன்னால் மலைப்பெண் வரமாட்டாள் என்பதைப் புரிந்துகொண்ட முறை அது. ஆனால் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். 144 என்று எடுத்தது வெறும் டியூபில் ஒரு மணி நேரம் கிடந்தால் 135 ஆகிவிடும். சாம்பல் டியூபிலுள்ள ஃபுளோரைடு இதைத் தடுக்கும், ஆனால் உடனே அல்ல. முதல் ஓரிரு மணி நேரம் சரிவு ஓரளவு தொடரும். ஆகவே கோட்டை ஒட்டி வரும் எண்ணைப் பார்க்கும்போது, பாதையில் எவ்வளவு நேரம் போனது என்று கேட்காமல் 'நார்மல்' என்று எழுதுவது சரியல்ல.

குளிர்ப்பெட்டியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐஸ் பேக் நேராக டியூபைத் தொட்டால் ரத்தம் உறைபனியாகி அணு உடையும். நடுவில் ஒரு துணியோ அட்டையோ வேண்டும். சிவப்பு டியூபைச் சுழற்றாமல் அப்படியே குளிரில் அனுப்பினால், அணுவின் சோடியம்-பொட்டாசியம் பம்பு நின்று பொட்டாசியம் மெல்லக் கசியும். சீரம் சிவக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. முடிந்தால் மேலேயே அரை மணி உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்து அனுப்புவது நல்லது. கரண்ட் இருந்தால்.

சின்னசேலம் சேலம்-விருத்தாசலம் ரயில் பாதையில் ஒரு நிறுத்தம். சேலம்-உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையும் அதை ஒட்டிப் போகிறது. மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் ஊர்ப்புறம். இப்படிப்பட்ட ஊரின் லேபில் ஒரு செல் கவுண்டர், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃபிரிட்ஜ், பெரும்பாலும் ஒரே ஆள். பெட்டி வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலைக்கு மெஷின் தேவையில்லை, ஒரு குச்சி போதும். மூடியைத் திறந்து குச்சியை விட்டுச் சுற்றினால், கட்டி இருந்தால் சிக்கும். சிக்கினால் அந்த டியூப் போச்சு. "பரவாயில்லை, மேலாப்புல ஓட்டிப் பார்க்கலாம்" என்றால் தட்டணு பாதி கட்டிக்குள் மாட்டியிருக்கும்.

இரண்டாவது வேலை ஸ்லைடு. ஹீமோகுளோபின் அறை வெப்பத்தில் ஒரு நாள் தாங்கும். அணுவின் முகம் தாங்காது. இரண்டு மணி நேரம் தாண்டினால் சிவப்பணுவின் ஓரம் முள்முள்ளாகும், நியூட்ரோஃபிலில் ஓட்டைகள் தெரியும். நேரம் ஏற ஏற அணு உப்பி எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) கூடும். ஆகவே மலையிலேயே ரத்தம் எடுத்த கையோடு ஒரு தீற்றல் இழுத்துக் காயவைத்து அனுப்புபவர், கீழே இருப்பவருக்குப் பெரிய உபகாரம் செய்கிறார். அதை லீஷ்மன் சாயத்தில் முக்கிப் பார்க்கலாம். லீஷ்மன் பெயரோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு பெயர் டானவன். 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கருங்காய்ச்சல் கிருமியைக் கண்டவர். நம் மாநிலத்து மைக்ராஸ்கோப்புக்கு அப்படியொரு பரம்பரை உண்டு.

இப்போது மெஷின். வாலஸ் கூல்ட்டருக்கு 1953இல் காப்புரிமை கிடைத்த உத்திதான் இன்னும் பெரும்பாலான கவுண்டர்களின் அடிப்படை: சின்னத் துளை வழியாக அணு நுழையும்போது மின்தடை கூடுகிறது, ஒரு துடிப்புக்கு ஓர் அணு, துடிப்பின் உயரம் அணுவின் பருமன். மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும். அது எந்த அணு என்று தெரியாது.

டெங்கு சீசனில் இது வினையாகும். காய்ச்சல் விட்ட ஒருவருக்குத் தட்டணு 28,000 என்று வருகிறது. வீட்டில் அழுகை, பப்பாளி இலைச் சாறு, சேலத்துக்குக் கார். ஆளோ நன்றாக நடமாடுகிறார், ஒரு சிவப்புப் புள்ளிகூட உடம்பில் இல்லை. ஸ்லைடை எடுத்து, எண்ணெய்விட்டு, நூறு மடங்கு லென்ஸில் தீற்றலின் வால்பக்கம் போய்ப் பாருங்கள். இளம் ஊதா நிறத்தில் தட்டணுக்கள் பத்தும் இருபதுமாகத் தேன்கூட்டில் ஈ மொய்ப்பதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். சிலரின் ரத்தத்தில், இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கியதும் தட்டணுவின் மேற்பரப்பு மாறி, ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள் அதில் பிடித்துக்கொள்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கலாம். நோய் உடம்பில் இல்லை, டியூபில் இருக்கிறது. நீல மூடியில் மறுபடி எடுத்து எண்ணி, சிட்ரேட் கரைசலின் பங்குக்கு ஈடாக 1.1ஆல் பெருக்கினால் ஒன்றரை லட்சம் வந்து நிற்கும். ஸ்லைடு பார்க்காமல் குறைந்த தட்டணுவைக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது என்னைக் கேட்டால் சோம்பேறித்தனம். வேலைப்பளு என்று சொல்வார்கள். கூட்டம் அதிகமுள்ள நாளில்தான் இது அதிகம் தேவை.

எண்களுக்குள்ளேயே ஒரு சாட்சி விசாரணை நடத்தலாம். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பி.சி.வி. வரவேண்டும், மூன்று கூடலாம் குறையலாம். சிவப்பணு எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் ஹீமோகுளோபின் வரவேண்டும். இயல்பான அளவுள்ள அணுக்களுக்குத்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தும். மலையிலிருந்து வந்த டியூப் ஒன்றில் ஹீமோகுளோபின் 10.6, சிவப்பணு 56 லட்சம் (அதாவது 5.6 மில்லியன்), எம்.சி.வி. 62 என்று வைத்துக்கொள்வோம். பி.சி.வி. 34.7, முதல் கணக்கு தேறுகிறது. இரண்டாவது தேறவில்லை: 5.6ஐ மூன்றால் பெருக்கினால் 16.8. மெஷின் தவறவில்லை, அணுக்கள் சின்னவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 11. 1973இல் மென்ட்சர் சொன்னபடி 13க்குக் கீழ் என்றால் தலசீமியாக் கூறு இருக்கலாம், மேலே என்றால் இரும்புச்சத்துக் குறைவு. இது தீர்ப்பல்ல, வழிகாட்டிதான். இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஏறாத பெண்ணை "மாத்திரை ஒழுங்கா சாப்பிடல" என்று திட்டுமுன் இந்த வகுத்தலைச் செய்துபார்க்கலாம். அதே ஊதா டியூபை ஹெச்.பி.எல்.சி.க்கு அனுப்பினால் ஹீமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று தெரியும், 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகம் உறுதிப்படும். இரும்புச்சத்தும் குறைவாக இருந்தால் ஏ2 இறங்கி ஏமாற்றும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

மலைவாழ் மக்களின் ரத்தத்தில் இன்னொன்றையும் தேடவேண்டியிருக்கிறது. இந்தியாவில் அரிவாளணு முதலில் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 1952இல் லெஹ்மனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டார்கள். 2023 ஜூலையில் தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கியபின் மலைப்பகுதிகளில் கரைதிறன் சோதனை பேச்சில் அடிபடுகிறது. கரைசல் கலங்கி, பின்னால் பிடித்த அட்டையின் கோடு மறைந்தால் அரிவாளணு ஹீமோகுளோபின் உண்டு. அது ஒருபக்கக் கூறா, முழு நோயா என்று இந்தச் சோதனை சொல்லாது. பிறந்த குழந்தைக்கு இது உதவாது, கருவிலிருந்த ஹீமோகுளோபின் மறைத்துவிடும். ஆகவே கலங்கிய டியூபைப் பார்த்து "உங்களுக்கு நோய்" என்று சொல்லிவிட்டால், கூறு மட்டும் உள்ள பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோகும்.

இத்தனைக்கும் மெஷின் சரியாக இருக்கவேண்டும். 1947இல் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் பென்சில்வேனியாவின் மருத்துவமனை லேப்களுக்கு ஒரே மாதிரியான சாம்பிள்களை அனுப்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்த விடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. 1950இல் லெவியும் ஜென்னிங்ஸும் விடை தெரிந்த தினசரிக் கண்ட்ரோல் சாம்பிளை வரைபடத்தில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1981இல் வெஸ்ட்கார்ட் அதற்கு விதிகள் சேர்த்தார்: சராசரியிலிருந்து மூன்று விலகல் தாண்டினால் நிறுத்து, இரண்டு விலகலுக்கு வெளியே ஒரே பக்கம் இரண்டு தடவை விழுந்தால் நிறுத்து, பத்து நாளாக ஒரே பக்கமே நின்றால் ஏதோ நகர்கிறது. எல்லாரும் படித்ததுதான். நடைமுறையில், கண்ட்ரோல் வெளியே விழுந்தால் உள்ளே விழும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவதும் எல்லாரும் அறிந்ததே. அது கண்ட்ரோலைச் சோதிக்கிறது, மெஷினைச் சோதிக்கவில்லை. உள்ளூர்க் கண்ட்ரோல் ஒழுங்காக இருந்தாலும் வெளியார் கண் ஒன்று தேவை, வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் விடை தெரியாத சாம்பிள் வரும், நாடு முழுக்க உள்ள லேப்களோடு நம் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊதா மூடியால் அதிகம் சொல்ல முடியாத ஒரு சமயமும் இந்த மாவட்டத்துக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. மெத்தனாலை நேராக அளக்க வாயு வண்ணப்படிவுக் கருவி வேண்டும். சிறிய ஊர் லேபில் அது கிடையாது. ஆனால் பாடத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்கவேண்டும்: 140, 100, 6 என்றால் இடைவெளி 34. சாதாரணமாக 12ஐ ஒட்டித்தான் இருக்கும். மிச்சம் ஃபார்மிக் அமிலம். கண்ணைப் பறிப்பது அதுதான். குடித்துச் சில மணி நேரத்துக்குள் வந்தவருக்கு அமிலம் இன்னும் உருவாகியிருக்காது, இந்த இடைவெளி இயல்பாகவே காட்டும். அப்போது இரண்டாவது கணக்கான ஆஸ்மோலாலிட்டி இடைவெளி, அதாவது அளந்த எண்ணுக்கும் கணக்கிட்ட எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், எகிறியிருக்கும். நேரம் கடந்து வந்தவரிடம் ஆஸ்மோலாலிட்டி இடைவெளி இறங்கி, முதல் இடைவெளி ஏறியிருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இந்த ரத்தத்தை எடுக்கும்போது தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக்கூடாது, பஞ்சிலுள்ள ஆல்கஹாலே சாம்பிளில் கலந்துவிடும். பொவிடோன் அயோடின் போதும். ரத்த வாயுவுக்கு எடுத்த ஹெப்பாரின் சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் வெளியேற்றி உடனே ஓட்டவேண்டும்.

வழக்கமான நாளில், ரிப்போர்ட் போனபின்னும் ஊதா டியூபுக்கு ஒரு நாள் இரண்டு நாள் வேலை பாக்கியிருக்கிறது. மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் டாக்டர் போன் செய்து "ஹீமோகுளோபின் இன்னொரு தடவை பாருங்க" என்றால் பார்க்கலாம். மூன்று மாதச் சர்க்கரை பார்க்கலாம், ஹெச்.பி.எல்.சி.க்கும் அனுப்பலாம். தட்டணுவையும் ஸ்லைடையும் கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியவேண்டும்; புது ரத்தம்தான். அதன்பின் 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் பேசும். லேபிலேயே கிருமிநீக்கம் செய்து, பிளாஸ்டிக் டியூபைச் சிவப்புப் பையிலும், ஊசியை வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடி ஸ்லைடை நீலப் பெட்டியிலும் போடவேண்டும். பைக்குப் பார்கோடு உண்டு. பொதுச் சுத்திகரிப்பு மையத்து வண்டி வந்து எடுத்துப்போகும். அங்கே நீராவிக் கொப்பரையில் வெந்து, துண்டுதுண்டாக வெட்டுப்பட்டு, மறுசுழற்சிக்காரர் கைக்கு வெறும் பிளாஸ்டிக்காகப் போகிறது.